‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ மறுவாசிப்பு: எடியை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன்

கோட்டூர்புரம் வாசகி எழுதியது:

கல்லூரிக் காலத்தில் படித்த ஒரு நாவலைப் போன வாரம் மறுபடி எடுத்தேன். எம்மா புல் எழுதிய ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’, 1987இல் வந்தது. மாயக்கதை என்றாலே கோட்டை, காடு, குதிரை என்று இருந்த காலத்தில் தேவதைக் கூட்டத்தை அப்படியே கொண்டுவந்து ஓர் அமெரிக்க ஊரின் கடைத்தெருவில் இறக்கிவிட்ட ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்று.

என் பிரதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லஸ் முனையில் பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் அடுக்கி விற்கும் இடத்தில் 40 ரூபாய்க்கு வாங்கியது. முதல் பக்கத்தில் ஏதோ ஒரு வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை, பாதி அழிந்துபோய் இருக்கும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் கூழாகிவிட்டன, இது மட்டும் எப்படியோ தப்பியது. அம்மா மொட்டை மாடிக் கொடியில் துணியோடு துணியாகக் கவிழ்த்துப் போட்டுக் காயவைத்தாள். இப்போது இரண்டு மடங்கு பருமனாக இருக்கிறது, ஓரத்தில் டீ நிறத்தில் ஒரு நீர்க்கோடு. ஒட்டிக்கொண்ட தாள்களை இட்லிப் பானை ஆவியில் லேசாகக் காட்டி, ஸ்டீல் ஸ்கேலை நுழைத்துப் பிரித்துப் பிரித்துத்தான் படித்தேன். கடைசிப் பகுதியில் இரண்டு தாள்கள் என்ன செய்தும் பிரியவில்லை, இழுத்தால் எழுத்தோடு வந்துவிடும் போலிருந்தது, விட்டுவிட்டேன்.

படிக்காதவர்களுக்குக் கதை இதுதான். ஊர் மினியாபொலிஸ். எடி மெக்கேண்ட்ரி கிதார் வாசித்துப் பாடுகிறவள். அவள் இருக்கும் குழு தேறாது, குழுவை நடத்துகிறவன்தான் அவளுடைய காதலன், ஒரே ராத்திரியில் இரண்டையும் விட்டுவிட்டு வெளியே வருகிறாள். ஆளில்லாத நிக்கலெட் மால் கடைவீதியில் ஒருவன் பின்தொடர்கிறான், ஒரு பெரிய நாய் துரத்துகிறது. இரண்டும் ஒன்றுதான். அவன் பூக்கா, அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் உருமாறி. தேவதைகளில் இரண்டு கட்சி, அந்த ஊர் யாருக்கு என்று சண்டை. ஆனால் மனிதப் பிறவி ஒருத்தி களத்தில் இருந்தால்தான் அவர்களில் அடிபட்டவன் உண்மையாகவே சாவான். அதற்காக எடியைப் பிடிக்கிறார்கள். அவளைக் காவல் காக்கப் பூக்கா அவள் வீட்டிலேயே தங்கிவிடுகிறான்.

19 வயதில் நான் இந்தப் புத்தகத்தைப் பூக்காவுக்காகத்தான் படித்தேன். அவன் பேச்சு, அவன் உடுத்துவது, அவன் குறும்பு. அவன் இல்லாத பக்கங்களைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது, ஏனென்றால் அந்தப் பக்கங்களில் நடப்பது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. அந்தப் பக்கங்களில்தான் எடி இருக்கிறாள்! போர் வரப்போகிறது, உயிர் நிச்சயமில்லை, அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து புதுக்குழு சேர்க்கிறாள். டிரம்ஸுக்குத் தோழி கார்லா இருக்கிறாள், கீபோர்டுக்கு ஆள் வேண்டும், பேஸுக்கு ஆள் வேண்டும், இன்னொரு கிதாருக்கு வில்லி சில்வர் என்று ஒருவன் வருகிறான். ரிகர்சல் வைக்கிறாள், யார் எங்கே நுழைய வேண்டும், யார் ஒதுங்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள், பிடிக்காவிட்டால் நிறுத்தி மறுபடி முதலில் இருந்து வாசிக்கச் சொல்கிறாள். ரகசிய வம்சம் கிடையாது, வாள் கிடையாது, நெற்றியில் அடையாளம் எதுவும் கிடையாது. நாலு பேரை ஒரே தாளத்தில் கட்டி நிறுத்தத் தெரியும். கடைசியில் எதிர்க்கட்சி ராணியோடு நேருக்கு நேர் நிற்கும்போதும் அவள் கையில் இருப்பது அந்த ஒன்றுதான், அதை அவள் பக்கம் பக்கமாக நம் கண் முன்னால் சம்பாதித்திருக்கிறாள்.

இத்தனை வருடம் இவளைப் பார்க்காமல் விட்டிருக்கிறேனே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது. உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா, மறுபடி படிக்கும்போது வேறு ஆள் எழுந்து முன்னால் வந்து நின்றது? அப்புறம், தமிழில், பாரிமுனையிலோ பெரம்பூரிலோ நடக்கிற மாதிரி, தன் தொழிலை வைத்தே மாயத்தை எதிர்கொள்கிற ஒருத்தியை யாராவது படித்திருக்கிறீர்களா? இருந்தால் சொல்லுங்கள், தேடிப் படிக்க வேண்டும்.

ஆடி மாதக் குரல் எழுதியது:

நான் 16 வருடமாக ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறவள். எங்கள் கீபோர்டு தம்பி இந்த நாவலைக் கொடுத்து, அக்கா இது உங்களைப் பற்றின கதை என்றான். எனக்கு ஆங்கிலம் வேகமாக வராது, இரண்டு மாதம் ஆயிற்று, ஆனால் ஒரு வரி விடாமல் படித்தேன்.

நீங்கள் சொல்லும் ரிகர்சல் பக்கங்கள்தான் என்னைப் பிடித்து உட்காரவைத்தன. குழு என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு மேடை வெளிச்சம்தான் தெரியும். எங்களுக்கு வியாசர்பாடியில் ஒரு மாடிக் கொட்டகை, தகரக் கூரை, மே மாதம் மதியம் இரண்டு மணி. பேட் வாசிப்பவர் ஒரு பக்கம், தபலா ஒரு பக்கம், இரண்டு பேருக்கும் வேகம் ஒத்துவராது. பல்லவி முடிந்து சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு மயிரிழை முன்னால் போய்விடுவார்கள், நான் மூச்சு எடுக்க இடமே இருக்காது. அந்த ஒரே இடத்தை முப்பது நாற்பது தடவை பாடியிருக்கிறோம். திடீரென்று ஒரு தடவை சரியாக விழும். பேட் அடிப்பவரின் கால் தரையில் பட்டதும் என் மூச்சு உள்ளே போனதும் ஒரே சமயம். அப்போது யாரும் எதுவும் பேசமாட்டோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், உடம்பு சிலிர்க்கும். எடியின் பாட்டு ஏறும் இடத்தில் புத்தகத்தில் வெளிச்சமும் காற்றும் மாறுவதாக வரும். படிக்கிறவர்களுக்கு அது மாயம். நான் படித்தபோது, ஆமாம், இப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினேன்.

எம்மா புல்லும் மேடையில் பாடியவர்தான், ‘கேட்ஸ் லாஃபிங்’ என்ற குழுவில். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, ஆனால் படிக்கும்போதே இவருக்கு மைக் பிடித்த கை என்று புரிந்துவிட்டது. முதல் கச்சேரி சொதப்பும் இடத்தை வெளியில் இருந்து பார்த்து எழுத முடியாது. கூட்டம் கவனிக்கவில்லை, குழுவை நடத்துகிறவன் தன் கோபத்தைப் பாட்டின் மேல் காட்டுகிறான், நாம் சிரித்த முகமாக நின்று சமாளிக்க வேண்டும். போன வருடம் ஒரு திருவிழாவில் பேசிய தொகையில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியைக் கேட்டதற்குப் பெண் குரல் சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். அன்று ராத்திரி வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது எடி நடந்து வீட்டுக்குப் போகிற அந்தத் தெருதான் நினைவுக்கு வந்தது.

கடைசிப் போட்டி நடக்கும் ஃபர்ஸ்ட் அவென்யூ நிஜமான இடம், தெரியுமா? பழைய கிரேஹவுண்ட் பஸ் நிலையம். 1970இல் அதை இசைக்கூடமாக மாற்றினார்கள், பிரின்ஸ் நடித்து 1984இல் வந்த ‘பர்ப்பிள் ரெயின்’ படத்தின் மேடைக் காட்சிகள் அங்கேதான் எடுத்தது. தேவராணியோடு சண்டை, நடப்பது ஒரு பஸ் ஸ்டாண்டில்! எனக்கு அது ரொம்பப் பிடித்தது. எங்கள் மேடைகளும் பாதி பஸ் ஸ்டாண்டு பக்கம்தான்.

தரமணி இரவு ஷிஃப்ட் எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு மறுவாசிப்பு நேர்மாறாகப் போனது. 22 வயதில் நிக்கலெட் மால் துரத்தலை விறுவிறுப்பாகப் படித்தேன். இந்த வருடம் அதே பக்கத்தைப் படிக்கும்போது கையில் இருந்த வீட்டுச் சாவியை விரல்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்திருந்தேன், படித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். ஆறு வருடமாக ராத்திரி ஷிஃப்ட். ஒருநாள் கேப் வராமல் சர்வீஸ் ரோட்டில் நடந்தபோது ஒருவன் என் நடை வேகத்துக்குத் தன் வேகத்தைச் சரிசெய்துகொண்டே வந்தான், நான் நின்றால் நின்றான். நூறு மீட்டர் இருக்கும், அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பக்கத்தை அழகு என்று படிக்க என்னால் முடியவில்லை.

அவன் துரத்துகிறான், பிடித்துக் கொடுக்கிறான், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு இனி நான்தான் உனக்குக் காவல் என்கிறான். எடியை யாரும் சம்மதம் கேட்கவில்லை. பிறகு அவன் நல்லவன் ஆகிவிடுகிறான், காதலும் வந்துவிடுகிறது, சரி. அதனால் அந்த முதல் ராத்திரி நடக்காமல் போய்விடுமா? எடி நல்ல பாத்திரம் என்பதில் சந்தேகமே இல்லை. அவளுக்குக் கதை இன்னும் கொஞ்சம் நியாயம் செய்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

கோட்டூர்புரம் வாசகி எழுதியது:

இதை எழுதியதற்கு நன்றி. மறுத்துப் பேச வரவில்லை. 19 வயதில் அந்தப் பக்கம் எனக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது, இந்தத் தடவை இல்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். எடி அந்த ராத்திரியை மறப்பதில்லை. நான் கேட்டு வரவில்லை, நீங்கள் பிடித்து வந்தீர்கள் என்பதை அவள் யாருக்காகவும் மென்மையாக்கிச் சொல்வதே இல்லை. அவர்கள் மறைப்பதைக் கேட்டுக் கேட்டு வாங்குகிறாள், தன்னிடம் என்ன கேட்கிறார்கள், விலை என்ன என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த அடி வைப்பதில்லை. வேறு புத்தகமாக இருந்தால் காதல் வந்ததும் கோபம் கரைந்துவிடும். இவளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அது போதுமா என்றால், நீங்கள் நடந்த அந்த நூறு மீட்டருக்குப் போதாது, ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ஏடு எழுதியது:

வாசகி, தமிழில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். நான் 31 வருடம் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவன், என் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிமேகலையை எடுத்துப் படியுங்கள். பாடப்புத்தகத்தில் வரும் அமுதசுரபிப் பகுதியை மட்டும் அல்ல, முப்பது காதையையும். வருடா வருடம் அந்த ஒரு பகுதியை நடத்திவிட்டு, முழு நூலை ஓய்வுபெற்ற பிறகுதான் வரிவரியாகப் படித்தேன், அதைச் சொல்லவே எனக்கு வேதனையாக இருக்கிறது. உ.வே.சா. 1898இல் அதைப் பதிப்பித்தார். அவர் ஏடு தேடி அலைந்திருக்காவிட்டால் நமக்கு இந்தப் பெண் இவ்வளவு தெளிவாகக் கிடைத்திருக்கமாட்டாள்.

அது முழுக்க முழுக்க நகரத்துக் கதை ஐயா. காவிரிப்பூம்பட்டினம் என்ற துறைமுக ஊர், அதற்குச் சம்பாபதி என்று ஒரு காவல் தெய்வம், ஊருக்குப் பக்கத்தில் சக்கரவாளக் கோட்டம் என்ற சுடுகாடு, உலக அறவி என்ற பொது அம்பலத்தில் தூணில் இருக்கும் பாவை வாய் திறந்து நடக்கப்போவதைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா எடுக்கும் காதையைப் பாருங்கள், அதே ஊரின் ஐந்து மன்றங்கள் வரும். அதில் ஒன்று பூத சதுக்கம். பொய்த்தவம் செய்கிறவன், பிறன் மனைவி மேல் கண் வைப்பவன், பொய்ச்சாட்சி சொல்பவன், புறங்கூறுகிறவன், இவர்களை நாலு காத தூரம் கேட்கும் குரலில் அதட்டிக் கூப்பிட்டு அடித்துத் தின்னும் பூதம் நாற்சந்தியில் நிற்கிறது. இன்னொன்று பாவை மன்றம். அரசன் நீதி தவறினாலும், அறம் சொல்லும் அவை ஒரு பக்கம் சாய்ந்தாலும், அந்தப் பாவை ஒரு வார்த்தை பேசாது, கண்ணீர் மட்டும் விடும். தெருவில் மாயம் நிற்கும் கதை நமக்குப் புதிதா என்ன?

அந்த ஊரில் மணிமேகலைக்கு என்ன வேலை? சோறு போடுவது. மணிபல்லவம் என்ற தீவில் கோமுகிப் பொய்கையில் இருந்து பாத்திரம் கிடைக்கிறது, சரி, ஆனால் அதில் முதல் பிச்சை ஆதிரை கையால் விழ வேண்டும் என்று தெரிந்து, தேடிப் போய் வாங்கி வருகிறாள். ஆனைத்தீ என்ற தீராப் பசி நோயால் வாடும் காயசண்டிகைக்கு ஒரு பிடி போட்டு அந்த நோயைத் தீர்க்கிறாள். சிறைக்கூடத்துக்குள் போய் அங்கே பசித்துக் கிடப்பவர்களுக்குப் போடுகிறாள், அரசன் கூப்பிட்டு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சிறையை இடித்து அறக்கோட்டம் ஆக்கு என்கிறாள். ஆக்குகிறான்! உங்கள் எடிக்குக் கிதார் என்றால் இவளுக்குப் பாத்திரம். இரண்டு பேரும் பிடித்ததை விடவில்லை.

தரமணி இரவு ஷிஃப்ட் எழுதியது:

ஐயா, பூத சதுக்கம் தெரியாமல் இருந்துவிட்டேன். எங்கள் சிக்னல் பக்கம் ஒன்று நிறுத்த வேண்டும், மனதார ஆசைப்படுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மணிமேகலையையும் தூங்கும்போதுதானே தெய்வம் தூக்கிக்கொண்டு போனது? அவளையும் யாரும் கேட்கவில்லையே.

பழைய ஏடு எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள் அம்மா. உண்மை. இளவரசன் உதயகுமாரன் துரத்துகிறான், உவவனத்தில் பளிக்கறைக்குள் ஒளிகிறாள், அங்கேயும் வந்துவிடுகிறான். பிறகு மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலேயே எடுத்துக்கொண்டு தெற்கே முப்பது யோசனை தூரம் போய்த் தீவில் வைத்துவிடுகிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் விழிக்கும்போது அவள் தனி. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத கரையில் அழுது அரற்றுகிறாள். சாத்தனார் அதைத் தாண்டிப் போகவில்லை, ஒரு காதை முழுக்க அந்தத் துயரம்தான். முப்பது வருடம் வகுப்பில் நான் அதைத் ‘தெய்வம் காப்பாற்றியது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியை ஒரு மாணவியாவது கேட்டிருப்பாள், நான்தான் இடம் கொடுக்கவில்லை.

தெய்வம் மூன்று மந்திரம் கொடுக்கிறது. வேற்றுரு எடுக்க, வானத்தில் போக, பசியைத் தாங்க. ஊருக்குத் திரும்பி அந்த முதல் மந்திரத்தை எடுத்துக் காயசண்டிகை உருவத்தில் போவது யார் சொல்லியும் அல்ல, அவளே எடுத்த முடிவு, உதயகுமாரனிடம் இருந்து தப்ப. அதில்தான் விபரீதமும் வருகிறது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, அவளைத் தேடி வந்த இளவரசனை வெட்டிவிடுகிறான். அந்தச் சாவுக்காக அவளும் சிறைக்குப் போகிறாள், மகனைப் பறிகொடுத்த அரசியின் கொடுமை எல்லாம் தாங்குகிறாள். மாயம் கையில் இருந்தாலும் வினை தப்பவில்லை.

பறக்கும் ரயில் எழுதியது:

வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், சுருக்கமாக. சென்னை இதற்கென்றே செய்த ஊர். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்துக்கு 1989 புயலில் நடு அடிமரம் சாய்ந்துவிட்டது, விழுதுகள் மட்டுமே சுற்றி நின்று மரமாக இருக்கின்றன, நடுவில் வெறும் இடம். அங்கே நின்றால் யாரோ எழுந்து போன இடம் மாதிரி இருக்கும். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது, பழைய புத்தகத்துக்காக அங்கே சுற்றியவர்கள் இன்றும் அதை ஓர் ஆளின் சாவு போலத்தான் பேசுகிறார்கள். மெரினாவில் 1968இல் வைத்த கண்ணகி சிலை 2001 டிசம்பரில் ஒரு ராத்திரியில் இல்லாமல் போய் 2006இல் திரும்பி வந்தது. ஏடு ஐயா சொன்ன பாவை மன்றத்தைப் படித்ததும் எனக்கு அந்த வெற்றுப் பீடம்தான் கண்ணில் நின்றது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பறக்கும் ரயில் நிலையங்களில் ஏறி நடந்து பாருங்கள், மேலே எங்கேயோ ஒரு டியூப்லைட் மட்டும் துடிக்கும். தமிழில் இப்படி ஒன்று இதுவரை என் கண்ணில் படவில்லை. நம்மில் யாராவது எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன், ஆனால் நாயகி ஆர்கெஸ்ட்ரா பாடகியாக இருக்க வேண்டும், மேலே அக்கா எழுதிய தகரக் கொட்டகையில் தொடங்க வேண்டும்.

வாசகி, என்னிடம் அந்த நாவல் இருக்கிறது, நல்ல நிலையில். பிரியாத இரண்டு தாள்கள் எந்த இடம்?

கோட்டூர்புரம் வாசகி எழுதியது:

ஃபர்ஸ்ட் அவென்யூவில் அவர்கள் மேடை ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி, பாட்டுக்கு நடுவில் முடிகிறது. அதாவது எடி ராணியைப் பார்த்து முதல் சுருதியைப் பிடிக்கும் பக்கம் எனக்குள் இல்லை, 19 வயதில் படித்ததில் மிச்சம் இருப்பதும் பூக்காவின் முகம் மட்டும்தான்.

மணிமேகலை இன்று மாலையே எடுத்துவிட்டேன் ஐயா, உரையோடு. துயருற்ற காதைக்கு நேராகப் போகாமல் முதலில் இருந்தே வருகிறேன்.

பறக்கும் ரயில் எழுதியது:

ஞாயிறு காலை பத்தரைக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் வரமுடியுமா? வாசல் படியில் இருக்கிறேன். உட்கார்ந்து படித்துவிட்டுக் கொடுங்கள்.

ஆடி மாதக் குரல் எழுதியது:

நானும் வருகிறேன். அன்று ராத்திரிதான் திருவொற்றியூரில் கச்சேரி, பகல் சும்மாதான். அந்தப் பக்கத்தை நீங்கள் மனசுக்குள் படிக்காதீர்கள், சத்தமாகப் படியுங்கள், எனக்கு அந்த இடத்தைக் காதால் கேட்க வேண்டும்.

கோட்டூர்புரம் வாசகி எழுதியது:

பத்தரை. என் பிரதியும் கொண்டுவருகிறேன்.